செய்து பார்க்காத நான்கு பக்கங்கள்

எண்பதுகளின் கடைசியில், தென்காசியில் ஒரு நூல் மில் அலுவலகத்துக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்தபோது நடந்தது இது. பெட்டி ஒன்றுதான், திரைகள் நான்கு. ஆளுக்கொரு தனிக் கம்ப்யூட்டர் இருப்பதாக நான்கு பேரையும் நம்பவைக்கும் மென்பொருள் அதற்குள் இருந்தது. அது பெட்டியை நான்கு பகுதிகளாகப் பிரித்து வைத்திருந்தது. அந்தப் பகுதிகளைத் தொடங்க, நிறுத்த, உள்ளே இருப்பதை அழித்துத் துடைக்க என்னென்ன கட்டளை தட்டவேண்டும் என்று தமிழில் ஒரு நோட்டு எழுதும் வேலை எனக்கு. மதுரையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்த திமிர் வேறு.

ஒவ்வொரு கட்டளையையும் தட்டிப் பார்த்துத்தான் எழுதினேன், கடைசி நான்கு பக்கங்களைத் தவிர. அந்த வாரம் குற்றாலத்தில் சீசன் களைகட்டிவிட்டது. சாரல் விழுந்தால் போதும், வெளியூர்ச் சொந்தமெல்லாம் எங்கள் ஊர் வீடுகளில் வந்து இறங்கிவிடும். அவர்களை அருவிக்குக் கூட்டிப்போக வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அது நான். மீதியை, மென்பொருளோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்தே எழுதிக் கொடுத்துவிட்டு ஐந்தருவிக்குக் கிளம்பிவிட்டேன். துடைக்கும் கட்டளைக்கு, 'பகுதி எண் போடாமலும் விடலாம்' என்று எழுதியிருந்தேன். எண் இல்லாவிட்டால் நாம் உட்கார்ந்திருக்கும் பகுதி மட்டும் துடைபடும் என்பது என் நினைப்பு.

திங்கட்கிழமை அலுவலகம் போனபோதுதான் தெரிந்தது. டைப்பிஸ்ட் அக்கா, பழகிப் பார்க்க ஒதுக்கியிருந்த பயிற்சிப் பகுதியைத் துடைக்க, எண் போடாமல் அந்தக் கட்டளையைத் தட்டியிருக்கிறார். நான்கு பகுதியும் போய்விட்டது. தொழிலாளர்களின் சர்வீஸ் விவரங்களை இரண்டு மாதமாக அவர் ஏற்றி வைத்திருந்ததும் அதோடு போயிற்று. பிரதி எடுத்து வைக்கும் முறையை நான் இன்னும் எழுதியிருக்கவே இல்லை.

"நாளைலருந்து நீ வரவேண்டாம்மா" என்று மேனேஜர் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பிள்ளைகளை அந்தச் சம்பளத்தில்தான் அவர் வளர்த்துவந்தார்.

அக்கா அழவில்லை. நோட்டை என் பக்கம் திருப்பினார். "இதுல போட்டிருக்கபடிதான் செஞ்சேன் தம்பி. நீங்க செஞ்சு பாத்துத்தான எழுதிருப்பிய?"

வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஒரு நிமிடம் அப்படி நினைக்கவும் செய்தேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

"தப்பு என்னோடது சார். நான் செஞ்சு பாக்கல."

மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பம் ரெண்டு பேருமா இருந்து திரும்ப ஏத்துங்க. மாசக் கடைசிக்குள்ள முடியலன்னா ரெண்டு பேருமே வரவேண்டாம்."

விருந்தாளிகளைத் தனியாக அருவிக்கு அனுப்பினேன். அக்கா பழைய காகிதப் பதிவேட்டை வாசிக்க நான் தட்டினேன். என் விரல் ஓய்ந்தால் நான் வாசிக்க, அவர் தட்டினார். ஞாயிற்றுக்கிழமையும் போனோம். இரண்டு நாள் மிச்சமிருக்கும்போதே முடித்துவிட்டோம். அவர் வேலை தப்பியது, என்னுடையதும்.

அதோடு விடவில்லை, நோட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி எழுதினேன். அக்கா ஒரு நிபந்தனை போட்டார்: "நான் படிச்சுப் படிச்சுச் செய்யுதேன். நீங்க பக்கத்துல இருந்து ஒண்ணும் சொல்லப்படாது." அவர் திணறிய வரியையெல்லாம் அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். சில பக்கங்களுக்கு மூன்று நாள்கூட ஆனது.

அதன்பிறகு எத்தனையோ மென்பொருள்களுக்குக் கையேடு எழுதிவிட்டேன். நான் எழுதும் ஒரு வரியில் இன்னொருவர் வீட்டுச் சோறு இருக்கிறது என்று அன்று தெரிந்துகொண்டதால், நானே செய்து பார்க்காத ஒரு கட்டளையை இன்றுவரை யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை.