மூச்சு நின்ற குழி

போன தை மாதம் கார்வேட்டிநகரம் பக்கம் நான் போனது கோயிலுக்கு இல்லை, ஒரு கழிவுநீர்க் குழியைப் பார்க்க. சிரிக்காதீர்கள். திருவள்ளூரில் எங்கள் வீட்டுக் கிணற்றில் நைட்ரேட் ஏறிப்போயிருந்தது. முருகேசன் என்பவர் தன் மாட்டுக்கொட்டகைத் தண்ணீரிலிருந்து மண் பாக்டீரியாவை வைத்தே நைட்ரேட்டை நீக்குகிறார் என்று கேள்விப்பட்டுக் கிளம்பிவிட்டேன்.

புத்தூரிலிருந்து காலை எட்டரைக்குப் பஸ். இறங்கி ஆட்டோவில் நான்கு கிலோமீட்டர், நூறு ரூபாய். "மூச்சு வுடுற குழிக்காம்மா? நான் உள்ள வரமாட்டேன்" என்று ஓட்டுநர் மாந்தோப்பு முனையிலேயே இறக்கிவிட்டார்.

தோப்பில் ஓர் இலை அசையவில்லை. மாடுகள் அத்தனையும் குழிக்கு முதுகைக் காட்டி நின்றன. குழி நிறைய மண்ணும் மரத்தூளும் வெல்லக் கசடும். காற்றுப் புகாத மண்ணில் பாக்டீரியா நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். நைட்ரஜன் குமிழியாக வெளியேறும். அந்தக் குமிழிச் சத்தத்தைத்தான் ஊர் மூச்சு என்கிறது. காதை வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை.

"பத்து நாளா அடங்கிப் போச்சுக்கா" என்றார் முருகேசன். "உள்ள எதுவோ மூச்சு முட்டிக்கினு கெடக்கிற மாதிரியே இருந்துச்சி. மனசு கேக்கல. தார்ப்பாய எடுத்துட்டு டெய்லி கடப்பாறையால கெளறி காத்து வுட்டேன். இப்ப நிம்மதியா தூங்குது."

அட கடவுளே! காற்று கிடைத்தால் பாக்டீரியா நைட்ரேட்டை ஏன் தொடப்போகிறது? குழித் தண்ணீர் ஊறும் பக்கத்துக் கிணற்று நீரில் நைட்ரேட் சோதனைப் பட்டையை நனைத்தேன். கருஞ்சிவப்பு; நைட்ரேட் எக்கச்சக்கம்.

அப்போது வீட்டுக்குள் குழந்தை சிணுங்கியது. அவர் மனைவி செல்வி, பாலசமுத்திரத்துத் தாய்வீட்டிலிருந்து இரண்டு மாதக் குழந்தையோடு மூன்று நாள் முன்புதான் வந்திருந்தாள். கையில் பால்பவுடர் கரைத்த புட்டி.

"எந்தத் தண்ணி செல்வி?"

"கெணத்துத் தண்ணிதான்க்கா. நல்லா சுண்டக் காய்ச்சிட்டேன்."

காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது, சுண்டச் சுண்ட இன்னும் கூடும். அது உள்ளே போனால் பச்சைக் குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய்விடும். குழந்தையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தோம். உதட்டோரம் நீலம். செல்வி போட்ட அலறல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

பைக்கில் புத்தூர், அங்கிருந்து ஆம்புலன்சில் திருப்பதி. குழந்தை பிழைத்துக்கொண்டது.

இப்படிக் குழி அமைக்க நினைப்பவர்களுக்கு: மூடியே வையுங்கள், காற்றுக் காட்டாதீர்கள். கிணற்றை அடிக்கடி சோதியுங்கள். சோதிக்காத கிணற்று நீரைக் காய்ச்சியும் கைக்குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

போன வாரம் முருகேசனிடம் பேசினேன். குழியை மறுபடி தார்ப்பாயால் மூடிவிட்டாராம். செல்வி குழந்தையோடு பாலசமுத்திரத்திலேயே இருக்கிறாள்.

"கெணறு தெளிஞ்சதும் கூப்பிடுவீங்களா?" என்றேன்.

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கூப்பிடறதுக்கா?" என்றார்.