காயாத பெஞ்சு

நாங்கள் குடியிருந்த மனைக்கு எங்கள் பேரில் பட்டா வந்த வருஷம் அது. அதற்கு முன்னால் பண்ணைக்காரர் போ என்றால் போக வேண்டும். கூலிச் சண்டையில் எங்கள் கூரையைப் பிரித்துப் போட்டதும் உண்டு. அதனால் நாற்காலி, பெஞ்சு என்று வீட்டில் எதுவும் சேர்த்ததில்லை. தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

பட்டா வந்த பிறகு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பாய் விரித்தோம். மாப்பிள்ளையின் மாமா, "ஒக்கார ஒரு எடம் இல்லாத ஊட்லயா பொண்ணு எடுக்கிறது?" என்றார். அதோடு போனது.

அடுத்து குடவாசல் பக்கத்து இடம். மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். இதுவும் தட்டிப்போனால் அவ்வளவுதான் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் பண்ணைக்காரர் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருவாரூருக்குப் போனார். வேண்டாத சாமானெல்லாம் விலைக்குப் போனது. அண்ணன் ஒரு பெஞ்சைத் தலையில் தூக்கிவந்தது. தேக்கு. அப்பா அதில் உட்காரவில்லை.

"அந்தாளு பெஞ்சுன்னு பாக்குறவன்லாம் சொல்லுவான். பெயிண்டு அடிங்க" என்றார்.

மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு அடித்தது போக டப்பாக்களின் அடியில் மிச்சம் இருந்தது. சிவப்பு, கறுப்பு, மஞ்சள். அப்பா செங்கொடிச் சங்கம். சிவப்பு என்றார். அண்ணன் ஆளுங்கட்சி. கறுப்பு சிவப்பு என்றது.

"வர்றவங்க எந்தக் கட்சின்னு யாருக்காச்சும் தெரியுமா?" என்றது அம்மா.

யாருக்கும் தெரியவில்லை.

"அப்ப ரெண்டு பேரும் வாய மூடுங்க. கட்டிக்கப் போறவ அவ. அவளே அடிக்கட்டும்."

எனக்கு என்ன தெரியும்? எது அடித்தாலும் யாருக்காவது ஆகாது. மஞ்சளில் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டு மீதி எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் ஊற்றிக் கலக்கினேன். மெழுகின தரை மாதிரி ஒரு நிறம் வந்தது. அண்ணன் எட்டிப் பார்த்தது.

"சாணிக் கட்சின்னு ஒண்ணு ஆரம்பிச்சிருக்கா ஒம் பொண்ணு."

தென்னை மட்டையை நசுக்கிப் பிரஷ் செய்து அடித்தேன். மொட்டையாக இருந்தது. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, மஞ்சளில் தொட்டு ஓரமெல்லாம் ஒத்தினேன். பூப்பூவாக விழுந்தது. அப்பா நின்று பார்த்தார்.

ஆனால் காயவில்லை. மாசி வெயிலில் நெல் காய்கிறது, வறட்டி காய்கிறது, பெஞ்சு மட்டும் காயவில்லை. தொட்டால் விரலோடு வந்தது. கலந்தது தப்பா, பெயிண்டு பழசா, என் நேரமா, ஒன்றும் புரியவில்லை. அம்மா குனிந்து மோந்து பார்த்தது. பண்ணை வீட்டு மாட்டுக்கொட்டகையில் வேலை பார்த்த ஆள் அது.

"அடியே, சனிக்கெழமையானா ஐயா எண்ணெ தேச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கிற பெஞ்சுடி இது. உள்ள பூரா நல்லெண்ணெ."

எல்லாவற்றையும் அரிவாளால் சுரண்டினேன். வடிகஞ்சியைச் சுட வைத்து, சீயக்காய் போட்டு, நானும் அம்மாவும் தேங்காய் நாரால் தேய்த்தோம்.

"பாத்தும்மா, பெஞ்சுக்குக் கண்ணு எரியப் போவுது" என்றது அண்ணன்.

வெயிலில் போட்டு எடுத்து, மிச்சக் கலவையை அடித்து, மறுபடியும் பூ ஒத்தினேன். இந்தத் தடவை காய்ந்தது. ஒரு ஓரம் மட்டும் பிசுபிசுத்தது. பண்ணைக்காரர் உட்கார்ந்த இடம் அதுதான் போல. வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. அம்மா அந்த ஓரத்தில் வெற்றிலைத் தட்டை வைத்து மறைத்தது.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். நான் டீ கொண்டுவந்தபோது மாப்பிள்ளையின் அப்பா வெற்றிலை போட, தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். காலியான இடத்தில், அதுவரை நின்றிருந்த மாப்பிள்ளை உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி. நான் தரையைப் பார்த்தபடி நின்றேன். சொல்லவா, விடவா? பார்க்க வந்த இடத்தில் பெண் பேசக் கூடாது.

"இது என்னா கலருங்க? எந்தக் கட்சின்னே தெரியலியே" என்றார் அவர் அப்பா.

"கட்சியெல்லாம் இல்லீங்க. பொண்ணு அடிச்சது" என்றார் எங்கள் அப்பா.

கிளம்பும்போது எல்லாரும் எழுந்தார்கள். மாப்பிள்ளையால் எழ முடியவில்லை. இழுத்துக்கொண்டு எழுந்தார். பின்னால் மஞ்சள் பூ.

"பொண்ணு இன்னும் சரின்னே சொல்லல, அதுக்குள்ள பெஞ்சு புடிச்சுக்கிச்சே!" என்றார் அவர் அத்தை. எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது. "மண்ணெண்ணெ போட்டுத் தேச்சா போயிடுங்க."

"இந்த மாசம் ரேஷன்ல போடலியே" என்றார் மாப்பிள்ளை.

கோபமா, கேலியா? குரலை வைத்துத் தெரியவில்லை. வரப்பில் இறங்கிப் போனார்கள். தூரம் போகிறவரை அந்தப் பூ தெரிந்தது.

மறு வாரம் சம்மதம் என்று ஆள் வந்து சொன்னது. பெயிண்டைப் பற்றி இத்தனை பேச்சு பேசியவர்கள் அன்றைக்குத்தான் என்னைக் கேட்டார்கள்.

"ஒனக்குப் புடிச்சிருக்கா?" என்றது அம்மா.

அவர் முகத்தை யோசித்துப் பார்த்தேன். நான் பார்க்கவே இல்லை. வேட்டியும் வரப்பும்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"தெரியல" என்றேன்.

அம்மா அதைச் சரி என்று எடுத்துக்கொண்டது.