மூளைக்கு ஒரு பத்தியம்

போன வருடம் பொங்கல் முடிந்த வாரம். பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருக்கும் என் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். அவசரமாகப் போகக் காரணம், அவள் போனில் சொன்ன ஒரு வரிதான். மாமா தலையில் தினமும் கரண்ட் வைத்துக்கொள்கிறார் என்றாள்.

மாமாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரையில் பல வருடங்களாகக் கட்டுக்குள் இருந்தது. ஆனால் ஆயுசுக்கும் மாத்திரையா என்ற சலிப்பு அவருக்கு. அந்த நேரம் பார்த்து ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு முகாம் நடந்திருக்கிறது. மூளையைத் தூண்டி எல்லா நோயையும் சரிசெய்யும் என்று சொல்லி ஒரு தலைப்பட்டையை விற்றிருக்கிறார்கள்.

நான் மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கும் இன்ஜினியர். மீட்டரும் கையுமாகப் போய் இறங்கினேன்.

"வாங்க இன்ஜினியரம்மா, என் மூளைய ரிப்பேர் பண்ண வந்தீங்களா?" என்று சிரித்தார் மாமா.

எனக்கு எதையும் பிரித்து அடுக்கினால்தான் பேச வரும். அவரிடம் மூன்றாகப் பிரித்துச் சொன்னேன். ஒன்று, நிரூபணமானது: மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்குக் காந்தத் துடிப்பு கொடுப்பது, சிலவகை வலிப்புக்கு ஆபரேஷன் செய்து கருவி பொருத்துவது. இரண்டையும் டாக்டர்கள் ஆளைப் பார்த்து, அளவு பார்த்துச் செய்கிறார்கள். இரண்டு, இன்னும் ஆராய்ச்சியில் இருப்பது: லேசான மின்சாரத்தைத் தலைக்கு வெளியிலிருந்து கொடுக்கும் பல முறைகள். சிலருக்குப் பலன் தெரிகிறது, சிலருக்கு இல்லை. மூன்று, வெறும் பேச்சு: ஒரே பட்டை, எல்லா நோயும்.

பிறகு பட்டையின் இரண்டு தகடுகளுக்கும் நடுவே மீட்டரை வைத்தேன்; பூஜ்யம் காட்டியது. முள்ளங்கியில் வைத்திருந்தாலும் இவ்வளவுதான் காட்டியிருக்கும். உள்ளே ஒரு பச்சை விளக்கு, ஙொய்யென்று ஒரு சத்தம். அவ்வளவே. மின்சாரம் தலைக்குப் போகவே இல்லை.

"கரண்டே இல்லாமயா எனக்குத் தலை லேசாச்சு?" என்றவர், கிணற்று மோட்டாரை நிறுத்திவிட்டு வருவதாக எழுந்து போனார். எனக்கு நிம்மதி. ஏமாற்றுதான், ஆனால் ஆபத்தில்லை என்று அக்காவிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

அக்கா எனக்குக் கத்திரிக்காய்க் குழம்பு ஊற்றினாள். மாமாவுக்கு வேறு சட்டியில் வெறும் பருப்பு.

"அவருக்கு ஏன் தனியா?"

"பத்தியம்டி. கத்திரிக்கா, கருவாடு, இங்கிலீஷ் மாத்திர, எதுவும் ஆகாது."

மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டேன்.

"இத ஒருத்தர் சொல்லணுமா? ஒரு வைத்தியம் நடக்கறப்ப இன்னொன்னு சேத்தா ரெண்டும் முறிஞ்சிடாதா? காமாலைக்குத் தழ குடிச்சப்பகூட இப்படித்தான இருந்தோம்."

பட்டை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் மாத்திரை போடவில்லை. வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அவர் போயிருப்பது தடுப்புச்சுவர் இல்லாத கிணற்றுக்கு.

கை கழுவாமல் ஓடினேன். சாமந்திப் பாத்திக்கு நடுவில் கிடந்தார். உடம்பு வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. கிணற்று விளிம்பு எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு அடியில் என் துப்பட்டாவைச் சுருட்டி வைத்தேன். பின்னாலேயே சாவிக்கொத்தோடு வந்த அக்காவிடம், இரும்பு வேண்டாம், ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணு என்றேன். சாவிக்கொத்தைப் பாத்தியிலேயே போட்டுவிட்டுப் போனை எடுக்க வீட்டுக்கு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார்கள். பிழைத்துக்கொண்டார். மறுநாள் முகாம்காரருக்கு போன் போட்டுச் சத்தம் போட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "மாத்திரைய நிறுத்துங்கன்னு நாங்க சொல்லவே இல்லீங்களே மேடம்."

அது உண்மை. என்னை இன்றுவரை உலுக்குவது அந்த உண்மைதான். யாரும் சொல்லாமலேயே, ஒரு பச்சை விளக்கை வைத்தியம் என்று நம்பி, அதற்கு மரியாதையாகப் பத்தியம் இருந்திருக்கிறார்கள். நானோ பட்டையை மட்டும் சோதித்துவிட்டு ஆபத்தில்லை என்று சாப்பிட உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் யாராவது புது மெஷினைக் காட்டி இது வேலை செய்யுமா என்று கேட்டால், நான் மீட்டரை எடுப்பதற்கு முன்னால் கேட்பது ஒன்றுதான்: இதற்காக நீங்கள் எதை விட்டீர்கள்?