பார்லி லேன் வலப்பக்கம் தாவும்

குதிரைப் பந்தயத்துக்குக் காசு கட்டுகிற கொரெட்டி டைனனின் பந்தயக் கடை அயர்லாந்தின் பாலின்டரி கடைவீதியில் கசாப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே ஒற்றை அறையாக இருந்தது. இளவயதில் அங்கே கல்லாவில் உட்கார வேலைக்கு வந்தவள், பிறகு முதலாளியையே கட்டிக்கொண்டாள். அவர் மாரடைப்பில் போனபின் தனியாகவே கடையை நடத்தினாள். எதிர்வரிசையில் பெரிய கம்பெனிக்காரன் ஒருவன் கண்ணாடியும் விளக்குமாகப் பந்தயக் கடை திறந்தபோதும் பழைய ஆட்கள் அவளை விட்டுப் போகவில்லை. ஜெயித்தவனுக்கு மறுபேச்சில்லாமல் கொடுப்பாள். குடித்துவிட்டு வந்தவனிடம் சீட்டு வாங்க மாட்டாள். "போய் சூப் குடிச்சிட்டுப் படு" என்று அனுப்பிவிடுவாள்.

அவளுக்கு நூலா என்று ஒரே மகள். நூலா பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கி ஆனதுதான் வீட்டில் சிக்கலைக் கொண்டுவந்தது. அவளுக்கு உரிமம் வந்த அன்று சாப்பாட்டு மேசையில் கொரெட்டி சொன்னாள்:

"இன்னையிலேர்ந்து இந்த வீட்டுக்குள்ள குதிரைப் பேச்சு கிடையாது. நீ உள்ளேயிருந்து ஏதோ சொன்னே, நான் அதுக்கேத்த மாதிரி ஜெயிச்சா இவ்வளவுன்னு விலை வெச்சேன்னு எவனாவது ஒருத்தன் கிளப்பி விட்டாப் போதும். உன் பொழப்பும் போயிடும், என் பொழப்பும் போயிடும்."

அன்றிலிருந்து அம்மாவும் மகளும் மழையைப் பற்றிப் பேசினார்கள், உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசினார்கள், ஞாயிறு பூசையில் யார் யாரோடு உட்கார்ந்தார்கள் என்று பேசினார்கள். ஒருமுறை நூலா காறை எலும்பு முறிந்து, கையைக் கழுத்துக் கட்டில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து நின்றாள். "ரொம்ப வலிக்குதா?" என்றுதான் கொரெட்டி கேட்டாள். எந்தக் குதிரை தள்ளியது என்று கேட்கவில்லை. அதை மறுநாள் பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

அந்த வருஷம் ஊருக்கே ஒரு குதிரைப் பைத்தியம் பிடித்திருந்தது. ஊர் எல்லையில் லாயம் வைத்திருந்த டொனால் க்ரெஹன் பயிற்சி கொடுத்த பார்லி லேன் என்ற பழுப்புக் குதிரை, குளிர்காலத்தில் ஓடிய வேலித்தாண்டல் பந்தயமெல்லாம் ஜெயித்துவிட்டது. ஓட்டியது நூலா. மார்ச்சில் கடல் தாண்டி இங்கிலாந்தில் செல்ட்டனம் குதிரைப் பந்தயத் திருவிழாவில் ஓடப்போகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன் படத்தை வரைந்து ரொட்டிக்கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள்.

கொரெட்டியும் அதன் பந்தயங்களையெல்லாம் கடை டிவியில் பார்த்திருந்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒன்று உறுத்தியது. ஒவ்வொரு வேலியிலும் அது கால் தூக்கும்போது உடம்பை வலப்பக்கம் சாய்த்துத் தாவியது. ஜெயித்த மைதானங்களெல்லாம் வலப்பக்கம் சுற்றி ஓடுபவை என்பதால் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. செல்ட்டனம் இடப்பக்கம் சுற்றுகிற மைதானம். அங்கே இது ஒவ்வொரு தாவலிலும் வழியை விட்டு வெளியே போகும். உள்ளே ஓடுகிற குதிரைகள் சும்மா முன்னால் போய்விடும். ஊரில் பாதிப் பேருக்கு இது தெரிந்திருக்கும். யாரும் அதைப் பேசத்தான் விரும்பவில்லை.

செல்ட்டனத்துக்கு முந்தைய வாரம் ஊர் ஹர்லிங் விளையாட்டுச் சங்கக் கூடத்தில் வழக்கம்போல முன்னோட்டக் கூட்டம் நடந்தது. மேடையில் நாலு நாற்காலி. எந்தப் பந்தயத்தில் எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று பேசுவார்கள். நுழைவுக் காசு ஊர் ஆம்புலன்ஸுக்குப் போகும். டொனால் இருந்தார், டப்ளினிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் வந்திருந்தார், உள்ளூர் வானொலிக்காரர் கேள்வி கேட்டார். பந்தயக் கடை சார்பில் கொரெட்டி. கூடத்தில் நிற்க இடமில்லை. ஈரக் கோட்டு வாடையும் பீர் வாடையும் கலந்து அடித்தது.

பார்லி லேன் பேர் வந்ததும் கூடம் கைதட்டிய தட்டலில் மேசைமேல் கண்ணாடி டம்ளர்கள் ஆடின.

"வாரத்துலயே நிச்சயமான குதிரை" என்றார் பத்திரிகைக்காரர்.

"நல்லா இருக்கான், நல்லா தின்றான். நான் வேற என்ன சொல்ல?" என்றார் டொனால்.

வானொலிக்காரர் கொரெட்டி பக்கம் திரும்புவதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பேக்கி ஷானஹன். பால் பண்ணை லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கடை திறக்கும் முன்பே வாசலில் நிற்கிற ஆள்.

"கொரெட்டியை எதுக்குய்யா கேக்கறே? நூலா என்ன சொன்னான்னு கேளு!"

கூடம் சிரித்தது. கொரெட்டி சிரிக்கவில்லை. கூடத்தின் கடைசியில், கதவோரம், நூலா தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு நிற்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

கொரெட்டி மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஜெயிக்கும் என்றால், மகள் சொல்லித்தான் சொல்கிறாள் என்று நம்பி, இருக்கிற காசையெல்லாம் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஜெயிக்காது என்றால், மகள் வேண்டுமென்றே தோற்கக் குதிரையை இழுத்துப் பிடிக்கப் போகிறாள் என்பார்கள். ஒன்றும் சொல்லாமல் நழுவலாம் என்றால் மொத்தக் கூடமும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நூலா என்கிட்ட ஒண்ணும் சொல்றதில்ல. நான் கேக்கறதுமில்ல" என்றாள். "என் கண்ணுல பட்டதைச் சொல்றேன். அவன் நல்ல குதிரை. ஆனா வலப்பக்கம் தாவறான். அது இடப்பக்க மைதானம். என் காசுன்னா நான் போட மாட்டேன்."

சிரிப்பு நின்றது. டொனால் மேசையைப் பார்த்தார்.

"அப்படி வா வழிக்கு!" என்றார் பேக்கி. முகம் சிவந்திருந்தது. "பொண்ணு இழுத்துப் பிடிப்பா, அம்மா அள்ளிக் கட்டுவா. அதான கணக்கு?"

கொரெட்டி எழுந்து நின்றாள்.

"பேக்கி, என்னைப் பத்தி என்ன வேணும்னாலும் பேசு. அவளைப் பேசாதே."

"அப்படின்னா விலையை ஏத்து! போடமாட்டேன்னு சொன்னே இல்ல? ஊர் முழுக்க மூணுக்கு ஒண்ணு குடுக்கறான். நீ என்ன குடுப்பே?"

"ஆறுக்கு ஒண்ணு" என்றாள் கொரெட்டி. ஒன்று கட்டி ஜெயித்தால் ஆறு, மற்றவர்கள் தருவதில் இரண்டு மடங்கு. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது.

மீண்டும் கதவோரம் பார்த்தபோது நூலா அங்கே இல்லை.

வீட்டுக்குப் போனபோது நூலா சமையலறையில் பூட்ஸுக்கு மெழுகு போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எனக்கு ஒரு குதிரையை நேரா ஓட்டத் தெரியாதுன்னு ஊரைக் கூட்டி வெச்சு நீ சொல்லிட்டு வந்திருக்கே."

"நான் குதிரையைப் பத்திதான் சொன்னேன்."

"அது மேல உக்காந்திருக்கிறது யாரு?"

கொரெட்டி கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். "நூலா, நான் பார்த்தது என்னன்னா..." என்று தொடங்கினாள்.

"வீட்டுக்குள்ள குதிரைப் பேச்சு கிடையாது. நீ போட்ட சட்டம்தான?" என்ற நூலா மெழுகு டப்பாவை மூடிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். இங்கிலாந்துக்குப் புறப்பட்ட விடியற்காலையில் அம்மா கட்டி வைத்திருந்த சாண்ட்விச்சையும் எடுத்துக்கொள்ளவில்லை.

கூட்டம் நடந்த மறுநாளே கடை வாசலில் வரிசை நின்றது. கோபத்தில் போட்டவர்கள், ஊர் மானத்துக்காகப் போட்டவர்கள், வாழ்க்கையில் பந்தயமே கட்டாத போஸ்ட் ஆபீஸ் அம்மாள், எல்லாரும் வந்தார்கள். சீட்டை நீட்டும்போது ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நஷ்ட பாரத்தைக் குறைக்க, வந்த காசில் கொஞ்சத்தை வேறு புக்கிகளிடம், அதாவது மற்ற பந்தயக் கடைக்காரர்களிடம், அதே குதிரைமேல் கட்டிவைக்கப் பார்த்தாள். ஆறுக்கு ஒன்று யாரும் தரத் தயாரில்லை. பார்லி லேன் ஜெயித்தால் கடை போகும். கடைக்கு மேல் இருக்கிற வீடும் கூடப் போகலாம். சொன்ன விலையை மட்டும் அவள் குறைக்கவில்லை.

பந்தய நாள் மத்தியானம் கடைக்குள் நுழைய முடியவில்லை. கசாப்புக்காரர் ரத்தக் கறை ஏப்ரனோடு வந்து நின்றார். டிவியில் குதிரைகள் வட்டமடித்துக்கொண்டிருந்தன. நூலாவின் முகம் ஒரு கணம் திரையில் வந்தது. உதடு வெளுத்திருந்தது. கல்லாவுக்குப் பின்னால் கொரெட்டி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

கொடி இறங்கியது.

முதல் வேலியில் பார்லி லேன் வலப்பக்கம் சாய்ந்து தாவியது. கடை முனகியது. இரண்டாவதிலும் அப்படியே, பின்தங்கிவிட்டது. பேக்கி திரும்பிக் கொரெட்டியை ஒரு பார்வை பார்த்தார். அதற்கப்புறம் நூலா ஒன்று செய்தாள். உள்விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தவள் மெல்ல முன்னேறி, இங்கிலாந்துக்காரர்களின் பெரிய சாம்பல் குதிரை ஒன்று தன் வலப்பக்கத்தில் வரும்படி இடம்பிடித்தாள். தோளோடு தோளாக ஒரு சுவர் இருந்தால் குதிரை எங்கே சாயும்? அடுத்த வேலியில் நேராகத் தாவியது. அதற்கடுத்ததிலும் நேராக.

"புத்திசாலி, என் புத்திசாலி" என்று கொரெட்டி தனக்குள் சொன்னாள். குதிரையைப் பற்றித் தான் சொன்னது மகளின் காதில் விழுந்திருக்கிறது என்பது அவளுக்குப் புரிந்தது.

கடைசித் திருப்பத்தில் மற்றவை களைத்து விலகின. இரண்டே இரண்டு மிச்சம்: பழுப்பும் சாம்பலும். கடையில் எல்லாரும் கத்தினார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலே ஒரு குரல் கேட்டது. "வா நூலா! வா என் கண்ணு! வாடி!" கல்லாவைக் கையால் அறைந்துகொண்டு கத்தியது கொரெட்டி. மகள் ஜெயித்தால் தன் கடை போகும் என்பது அந்த நேரத்தில் அவள் நினைவிலேயே இல்லை.

கடைசி வேலி. சாம்பல் குதிரை அரை உடம்பு முந்திக் கால் தூக்கியது. பார்லி லேன் களைத்திருந்தது. பழைய பழக்கம் திரும்பி வந்தது. வலப்பக்கம் சாய்ந்து தாவி சாம்பலின் விலாவில் மோதியது. சாம்பல் தடுமாறி, மூக்கு புல்லில் படக் குனிந்து, எப்படியோ எழுந்து துரத்தியது. கோட்டில் பார்லி லேன் ஒரு மூக்கு நுனி முன்னால் இருந்தது.

கடை வெடித்தது. பேக்கி கசாப்புக்காரரைக் கட்டிக்கொண்டு அழுதார். போஸ்ட் ஆபீஸ் அம்மாள் நாற்காலிமேல் ஏறிவிட்டாள். அப்புறம் ஒலிபெருக்கி மணி அடித்தது. மோதலைப் பற்றி நடுவர் விசாரணை. முடிவு தெரியும்வரை யாரும் காசு வாங்கவும் வேண்டாம், சீட்டைக் கிழிக்கவும் வேண்டாம்.

கடைசி வேலியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். முன்னாலிருந்து, பக்கத்திலிருந்து, மெதுவாக, இன்னும் மெதுவாக. ஒவ்வொரு தடவையும் கடையில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் பேக்கி கேட்டார். குரலில் பழைய திமிர் இல்லை.

"கொரெட்டி, உனக்குத்தான் தெரியும். பறிச்சிடுவாங்களா?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் திரையைப் பார்த்தாள். அங்கே நூலா ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடுவர் அறைக்குள் போய்க்கொண்டிருந்தாள்.

"நான் அந்த நடுவர் நாற்காலியில இருந்தா" என்றாள் கொரெட்டி, "பறிச்சிருப்பேன். மோதலைன்னா அந்தச் சாம்பல்தான் ஜெயிச்சிருக்கும்."

"பெத்த பொண்ணுடி உனக்கு!" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

"ஆமா. என் பொண்ணுதான்."

கொஞ்ச நேரத்தில் அறிவித்தார்கள். முடிவு மாற்றப்பட்டது. சாம்பல் முதல், பார்லி லேன் இரண்டாவது. கவனக்குறைவாக ஓட்டியதற்காக நூலாவுக்குச் சில நாள் தடை.

சீட்டுகள் தரையில் விழுந்தன. வாசலில் ஒருவன், "தப்பிச்சுட்டா பாரு, மூக்கு நுனியில" என்று காறித் துப்பினான்.

"வாயை மூடுடா" என்றார் பேக்கி. "கடை போற மாதிரி இருந்தப்போ அவ கத்தின கத்து உன் காதுல விழலையா? எனக்குப் பக்கத்துலதான் நின்னா. என் காது இன்னும் அடைச்சுக் கிடக்கு." சொல்லிவிட்டுக் கொரெட்டியைப் பார்க்காமலேயே தொப்பியை எடுத்துக்கொண்டு நடந்தார். கூட்டத்தில் பேசியதற்கு அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற ஆளும் இல்லை.

நூலா வீடு திரும்பியபோது கொரெட்டி அடுப்பருகே நின்றிருந்தாள்.

"நடுவர் கேட்டப்போ என் தப்புதான்னு சொல்லிட்டேன்" என்றாள் நூலா. "நீ கடையில என்ன சொன்னேன்னு டொனாலுக்குப் போன் வந்துது. கோபமா வந்துதும்மா. அப்புறம் விமானத்துல யோசிச்சேன். சாம்பலைப் பக்கத்துல வெச்சுக்கிட்டது கூட நீ மேடையில சொன்னதாலதான். முதல்லயே என்கிட்ட சொல்லியிருந்தா, வாரம் பூரா அதுக்குப் பழக்கியிருப்பேன்."

"எப்படிச் சொல்றது நூலா? புக்கி வாயால ஒரு ஜாக்கிக்கு எப்படிச் சொல்றது?"

"தெரியுது. ஆனா எனக்கு வாயைத் திறந்து பேசற ஒரு அம்மா இருந்தா நல்லா இருக்கும்."

கொரெட்டி அந்த வாரம் முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை. பக்கத்துக் கசாப்புக்காரர் இடம் போதவில்லை என்று வெகுநாளாகச் சுவரைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் போய்ப் பேசி, கடையை அவருக்கே விட்டுக்கொடுத்தாள். ஏப்ரல் முடிவதற்குள் பந்தயக் கடை உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பலகையை இறக்கிய அன்று பேக்கி நடைபாதையில் நின்று, "இந்த வயசுல என்னை அந்தக் கண்ணாடிக் கடைக்கு அனுப்பறியே, நியாயமா?" என்று சண்டை போட்டார்.

அன்று சாயங்காலம் கொரெட்டி கேட்டாள், "அவன் வலப்பக்கம் சாயாம இருக்க டொனால் கடிவாளத்தை ஏன் இன்னும் மாத்தல?" நூலா கரண்டியைக் கீழே வைத்தாள். பேச ஆரம்பித்தவர்கள் நிறுத்தவில்லை. சூப் ஆறி ஆடை கட்டிவிட்டது. பாதிக்கு மேல் சண்டை. உனக்குப் பார்க்கக் கண் மட்டும்தான் இருக்கிறது, கடிவாளம் பிடிக்கக் கை இல்லை என்றாள் நூலா. உனக்குக் கை இருக்கிறது, பொறுமை இல்லை என்றாள் அம்மா.

தடை முடிந்து, மே மாதம் பஞ்ச்ஸ்டவுனில் பார்லி லேன் மறுபடி ஓடியது. அது வலப்பக்கம் சுற்றும் மைதானம். பக்கத்தில் ஒரு குதிரையாலும் வர முடியவில்லை. கடைசி வேலியை அது தனியாகத் தாண்டியது. கம்பியோரம் நின்ற கொரெட்டிக்குக் கத்திக் கத்திக் குரலே போய்விட்டது. பேக்கி ஜெயித்த சீட்டை ஆட்டிக்கொண்டு வந்து முணுமுணுத்தார்.

"கண்ணாடிக் கடைக்காரன் ஒண்ணுமில்லாத விலை குடுத்துட்டான். நீ இருந்திருந்தா நல்லாக் குடுத்திருப்பே."

"நான் இருந்திருந்தா, ஜெயிக்கறது நிச்சயம்னு தெரிஞ்சு இன்னைக்கு இவனுக்கு விலையே வெச்சிருக்க மாட்டேன்" என்று கம்மிய குரலில் சொல்லிவிட்டு, முகமெல்லாம் சேறாக வந்துகொண்டிருந்த மகளை நோக்கிக் கொரெட்டி கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போனாள்.