ஒரிஜினலைத் தர மாட்டேன்

நர்சிங் முடித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவும் செய்த பிறகு, எனக்கு முதலில் வேலை தர முன்வந்தது திருவொற்றியூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. மேனேஜர் என் ஃபைலைப் புரட்டிக்கொண்டே நிபந்தனைகளைச் சொன்னார். பயிற்சிக் காலத்தில் சம்பளம் கிடையாது. இரண்டு வருஷம் பாண்ட், நடுவில் விட்டுப்போனால் அபராதம். அதுவரை ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் அவர்களிடமே இருக்கும்.

"ஐசியூவுல நைட்ல ஒரு நர்ஸுக்கு எத்தனை பேஷன்ட் சார்?" என்று கேட்டேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க இன்டர்வியூவுக்கு வந்தீங்களா, எங்கள இன்டர்வியூ பண்ண வந்தீங்களா?"

"ரெண்டும்தான் சார்."

சிரிப்பு நின்றது. ஃபைலை மேஜை டிராயருக்குள் போட்டு மூடினார். "யோசிச்சுட்டு வாங்க. இது இங்கயே இருக்கட்டும்."

நான் நாற்காலியைவிட்டு எழவில்லை. "ஃபைல் கைக்கு வந்தாத்தான் சார் போவேன்" என்று சொன்னபோது என் குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. வெளியே வரிசையில் இருந்தவர்கள் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள். அவர் டிராயரைத் திறந்து ஃபைலை எடுத்து மேஜைமேல் எறிந்தார்.

வீட்டில் அம்மா பிடித்துக்கொண்டாள். காசிமேட்டில் மீன் விற்கிறவள். சாயந்திரம் வந்தவளிடம் நடந்ததைச் சொன்னதும் கூடையைக்கூட இறக்காமல் ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னாடி, வந்த வேலைய வாணாம்னுட்டு வந்துகீற? படிக்க வெச்சது வூட்ல குந்திகினு கீறதுக்கா?"

என்ன சொல்லியும் அவள் கேட்கவில்லை. கோபத்தில் என்னோடு பேச்சையே விட்டாள். எனக்கும் ராத்திரி தூக்கம் வரவில்லை. தப்பு பண்ணிவிட்டோமோ என்று இருந்தது.

அடுத்து மணலியில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறை. சம்பளம் நன்றாகவே இருந்தது. அங்கே ஆள் எடுக்கிற காண்ட்ராக்டர் சாதாரணமாகச் சொன்னார்: "டாக்டர் எப்பவாவதுதான் வருவார். வெறும் ஃபாரத்துல கையெழுத்து போட்டு வெச்சுட்டுப் போயிடுவார். ஆளுங்க உடம்பு ஃபிட்டுனு நீங்களே மேல எழுதிக்கலாம்."

"பார்க்காமலேயா?"

"எல்லாரும் அப்படித்தாம்மா பண்றாங்க."

அதையும் வேண்டாமென்று வந்தேன். அம்மா மறுபடி குரலை உயர்த்தினாள். காரணத்தைச் சொன்னேன். மூச்சுத் திணறுகிற ஆளை நல்லா இருக்கிறான் என்று நான் எழுதி, அவன் உள்ளே போய் விழுந்தால்? அம்மா கூடையை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு, "அந்தப் பாவம் நமக்கு வாணாம்டி. வேற பாரு" என்றாள். அதுவே எனக்குப் பாதி வேலை கிடைத்த மாதிரி இருந்தது.

மூன்றாவது, ராயபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரி. அங்கே நர்சிங் சூப்பிரண்டெண்ட் கேள்வி எதுவும் கேட்காமல் என்னை நேராக வார்டுக்கு அழைத்துப் போனார். வாந்தி பேதியில் வற்றிப்போன ஒரு பெரியவர் படுத்திருந்தார். அவருக்கு டிரிப்ஸ் ஏற்ற நரம்பு கிடைக்காமல் இரண்டு பேர் குத்திப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"நீ போடு பார்க்கலாம்."

பெரியவரிடம் கையைத் தொங்கவிடச் சொல்லி, வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தேன். அவசரப்படவில்லை. விரலுக்கு அடியில் நரம்பு மெல்ல எழுந்தது. ஒரே குத்தில் நரம்பு கிடைத்து, ஊசிக்குள் ரத்தம் தெரிந்தது.

"இன்னாமா, அவ்ளோதானா? கொசு கட்ச்ச மாரி கீது" என்றார் பெரியவர். சூப்பிரண்டெண்ட் முகத்தில் சிரிப்பு.

ஆனால் நியமனக் கடிதத்தில் அங்கேயும் அதே பாண்ட், அதே ஒரிஜினல். பேனாவை மூடி வைத்தேன்.

"மேடம், ஒரிஜினல பார்த்துட்டு ஜெராக்ஸ் வெச்சுக்கோங்க. போறதா இருந்தா ஒரு மாசம் முன்னாடி சொல்லிடறேன். இந்த ரெண்டு வரிய அடிச்சீங்கன்னா இன்னைக்கே டியூட்டி பார்க்கறேன்."

"இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லையே" என்றார்.

"கேட்டா குடுப்பீங்களா மேடம்?"

கடிதத்தை எடுத்துக்கொண்டு நிர்வாகியின் அறைக்குள் போனார். கதவுக்குப் பின்னால் பேச்சு ஏறியது, இறங்கியது. திரும்பி வந்தபோது இரண்டு வரிகளும் அடிக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் நிர்வாகியின் கையெழுத்து. "வாம்மா, யூனிஃபார்ம் அளவு குடு" என்றார்.

வாசலில் நின்று அம்மாவுக்கு போன் போட்டேன். அந்தப் பக்கம் மீன் மார்க்கெட்டின் இரைச்சல். நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா பக்கத்துக் கடைக்காரிகளிடம் கத்துவது கேட்டது: "எம்பொண்ணு இன்னா பண்ணிகீறா தெரியுமா? ஆஸ்பத்திரிக்காரன கையெழுத்து போட வெச்சுட்டாடி!"