கொடுக்கிறேன் என்று சொன்ன கற்கள்

சாலையை அகலப்படுத்துகிறோம் என்று முனிசிபாலிட்டிக்காரர்கள் வந்து எங்கள் வீட்டுச் சுவரில் சிவப்புக் கோடு போட்டபோதுகூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. "இக்கட வரக்கு போதுந்தி மேடம்" என்று தெலுங்கில் சொல்லி, இதுவரை போகும் என்று அவர்களில் ஒரு பையன் கையை நீட்டிக் காட்டினான். அவன் காட்டிய இடம் வரை போனால் முன்சுவர், கேட், அதற்குப் பின்னால் கல் பாவிய முற்றம் எல்லாம் சாலைக்குப் போய்விடும். சித்தூரில் அந்தத் தெரு முழுவதும் அதே கதைதான். எல்லோருக்கும் நடப்பது என்றால் மனம் எப்படியோ ஒத்துக்கொள்கிறது.

முற்றத்தில் இருந்தவை கருங்கல் பலகைகள். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், மொத்தம் முப்பத்தெட்டு. மிஷன் ஆஸ்பத்திரியின் பழைய வராந்தாவை இடித்தபோது, வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்களாம். எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், மாட்டு வண்டி வைத்துக் கொண்டுவந்து போட்டார். அப்படிப் பார்த்தால் அவை எங்கள் வீட்டுக்கே தானமாக வந்த கற்கள்தான்.

தீபாவளிக்கு முந்தின வாரம் பொக்லைன் வந்து சுவரை இடித்தது. கற்களை மட்டும் ஆட்களை விட்டுப் பெயர்த்துப் பக்கவாட்டில் அடுக்கச் சொன்னேன். அந்த வேலைக்கு வந்த சித்தாள்களில் ஒருத்தி, நாற்பது வயது இருக்கும், மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கேட்டாள்.

"டீச்சரம்மா, இந்தக் கல்லுங்கள இன்னா பண்ணப் போறீங்க?"

"இன்னும் யோசிக்கல. ஏம்மா?"

"எங்க சந்துல மழ பேஞ்சா முட்டிக்கால் மட்டும் சேறு. பலகயப் போட்டு அது மேல நடந்துக்கினு இருக்கறோம். பத்து ஊடு. யாரும் கேக்கறதில்ல."

நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "எல்லாத்தையும் நீயே எடுத்துக்கினு போ" என்றேன். அவள் கையில் இருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை சந்தில் இருக்கிற ஆம்பளைகளும் பொம்பளைகளும் டிராக்டர் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னாள். வரட்டும் என்றேன்.

இதைச் சும்மா விட்டிருக்கலாம். புதன்கிழமை சபைப் பெண்கள் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். கர்த்தர் ஒரு காரியத்தை என் கையில் கொடுத்தார் என்றெல்லாம் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். அன்று மாலையே திருப்பதியில் இருக்கும் தம்பிக்குப் போன் செய்து சுவர் இடித்ததைச் சொன்னேன். கல் அடுக்கி வைத்திருக்கிறது என்பதையும் சொன்னேன். யாருக்குக் கொடுக்கப் போகிறேன் என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் ஏதாவது பேசுவான் என்று தெரியும். சபையில் சொல்ல வாய் வந்தது, அவனிடம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்தால் பக்கவாட்டில் கல் இல்லை. அடுக்கி இருந்த இடத்தில் ஈர மண்ணும் இரண்டு மரவட்டையும்தான் இருந்தன. எதிர் வீட்டு அம்மா வெளியே வந்து சொன்னார். "உங்க தம்பிதான் லாரி எடுத்துக்கினு வந்துச்சு. கூடப் பொறந்த தம்பி, நான் இன்னான்னு கேக்கறது?"

போன் போட்டேன். அவன் சந்தோஷமாக எடுத்தான்.

"அக்கா, சூப்பர் கல்லுக்கா! இந்த மாதிரி பழைய கல்லு இப்ப எங்க கெடைக்குது? கெஸ்ட் ஹவுஸ் தோட்டத்துல பாதை போட்டுக்கினு இருக்கறோம். மெஷின் வெச்சுத் தேய்ச்சா கண்ணாடி மாதிரி வரும்."

அலிபிரிக்குப் போகிற வழியில் அவனுக்கு ஒரு கெஸ்ட் ஹவுஸ் இருக்கிறது. மலைக்கு நடந்து போகிறவர்கள் வந்து தங்குவார்கள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாடா?"

"இன்னாத்தக் கேக்கறது? நீ தூக்கிப் போடத்தானே போற? வீட்டுல எனக்கும் பங்கு இருக்குது இல்ல?"

வீடு எங்கள் இருவர் பேரிலும்தான் இருக்கிறது. அதனால்தான் அந்த வார்த்தை என் நெஞ்சில் அப்படிக் குத்தியது. நான் கத்தினேன். அவன் போனை வைத்துவிட்டான்.

அன்றைக்கே நான் அந்தச் சந்துக்குப் போய் நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. இரண்டு நாளில் அவனை மிரட்டிக் கல்லைத் திருப்பி வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். நிஜம் அதுவும் இல்லை. அவள் முன்னால் போய் நிற்க வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தபோது வாசலில் டிராக்டர் நின்றது. எட்டு பேர் கயிறும் கடப்பாரையுமாக நின்றார்கள். அவள் புதுப்புடவை கட்டியிருந்தாள். "தம்பி எடுத்துக்கினு போயிருக்கான், ஒரு வாரத்துல வந்துடும்" என்றேன். கயிற்றைச் சுருட்டிக்கொண்டார்கள். ஒருவர் டிராக்டரைத் திருப்பினார். அவள் மட்டும் கேட்டாள்.

"வந்துடும்தானே டீச்சரம்மா?"

"வந்துடும்மா."

அவர்கள் சனிக்கிழமையே பழைய பலகைகளை எடுத்துப் போட்டுவிட்டு, சந்து முழுவதும் அரை அடி வெட்டிச் சமன் செய்து வைத்திருந்தார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவளும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. அடுத்த திங்கட்கிழமை, இரண்டாவது பீரியட் நடந்துகொண்டிருந்தபோது, பள்ளிக்கூட கேட்டில் யாரோ என்னைக் கூப்பிட்டுக் கத்துகிறார்கள் என்று ஆயம்மா ஓடி வந்தார். போனேன். அவள்தான். தலை கலைந்து, முழங்கால் வரை சேறு காய்ந்து நின்றாள்.

"வெட்டி வெச்ச பள்ளத்துல தண்ணி நின்னு கொளமாயிடுச்சு. எம் பொண்ணு குடத்தோட வழுக்கி உழுந்து மணிக்கட்டு முறிஞ்சுபோச்சு. டெய்லர் கடயில வேல செய்யற பொண்ணு. ரெண்டு மாசத்துக்குக் கைய அசைக்கக் கூடாதாம். நீங்க குடுக்கறேன்னு சொல்லாம இருந்திருந்தா, நாங்க பழைய பலகையிலயே போய்க்கினு வந்துக்கினு இருந்திருப்போம் இல்ல?"

எனக்குப் பின்னால் மூன்று டீச்சர்கள் வந்து நின்றுவிட்டார்கள். ஹெட்மாஸ்டர் ஜன்னலில் இருந்தார். நான் மெல்லப் பேசச் சொன்னேன். அதுதான் தப்பாகிவிட்டது.

"எதுக்கு மெல்ல பேசணும்? நீங்க நல்லவங்கன்னு பேரு எடுக்கறதுக்கு எங்க சந்துதான் கெடச்சுதா?"

முகம் எரிந்தது. அவள் மேல்தான் முதலில் கோபம் வந்தது. இத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டாளே என்று. பிறகு அந்தக் கோபம் இடம் மாறியது. உள்ளே போய் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"வா, திருப்பதிக்குப் போலாம்" என்றேன்.

அவள் பின்னால் வந்தாள். குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். காணிப்பாக்கம் ரோடு பிரிகிற இடத்தில் பஸ் நின்றபோது வேர்க்கடலை வாங்கி நீட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நானும் தின்னவில்லை. மடியில் அந்தப் பொட்டலம் கடைசி வரை அப்படியே இருந்தது.

கெஸ்ட் ஹவுஸ் கேட்டுக்குள் நுழைந்ததும் பார்த்துவிட்டேன். கேட்டிலிருந்து வாசல்படி வரை, புல்லுக்கு நடுவே எங்கள் கற்கள் வரிசையாகப் படுத்திருந்தன. மேலே மெஷின் ஓட்டிப் பளபளவென்று ஆக்கியிருந்தார்கள். ஓரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதைச் சுற்றி வைக்கச் சில கற்களை வட்டத் துண்டுகளாக அறுத்திருந்தார்கள். மொட்டை போட்ட ஒரு குடும்பம் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது.

தம்பி உள்ளே இருந்து வந்தான். "அக்கா! சொல்லாம கொள்ளாம வந்திருக்கற? வா, காபி குடி."

"கல்லுக்கு வந்தேன்."

"இன்னும் அதே பேச்சா? போட்டாச்சுக்கா. இனிமே எடுத்தா நல்லாவா இருக்கும்? கஸ்டமருங்க எல்லாம் இருக்கறாங்க, மெல்ல பேசு."

அதே வார்த்தை. இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் பள்ளிக்கூட கேட்டில் நான் சொன்ன அதே வார்த்தை.

அவனுக்குப் பதில் சொல்ல வாயைத் திறக்கிறேன், பின்னால் 'ணங்' என்று சத்தம் கேட்டது. திரும்பினால், தோட்டக்காரர் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கடப்பாரையை எடுத்து, அவள் முதல் கல்லின் விளிம்பில் செருகிவிட்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரே நெம்பு. கல் ஒரு பக்கம் எழுந்தது. போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நகர்ந்து நின்றார்கள்.

"ஏய், யாரு நீ? அத்த வையி கீழ!" என்று தம்பி பாய்ந்தான்.

நான் நடுவே போய் நின்றேன். "நான் கூட்டிக்கினு வந்தவ. கை வெச்சுப் பாரு."

"அக்கா, உனுக்குப் பைத்தியமா? ரோட்டுல போறவளுக்காக எங்கிட்ட சண்டைக்கு வர்றியா?"

"இவ பொண்ணு கை ஒடைஞ்சு கெடக்குது. நீயும் நானும் சேர்ந்து ஒடச்சோம். உனுக்குப் பங்கு இருக்குன்னு சொன்னே இல்ல, அதுலயும் பாதி உனுதுதான்."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் அங்கேயே, அத்தனை பேர் முன்னால், தொடக்கத்திலிருந்து சொன்னேன். கத்திக்கொண்டேதான் சொன்னேன். அவள் நிறுத்தவில்லை. நான் பேசி முடிப்பதற்குள் நான்கு கற்களைப் பெயர்த்துவிட்டாள். மொட்டை போட்ட பெரியவர் ஒருவர் தெலுங்கில், கல்லைக் கொடுத்துவிடு பாபு, சாமிக்கு வந்த இடத்தில் இதெல்லாம் எதற்கு என்றார். தம்பிக்கு அதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன்; நானோ அவளோ அல்ல, தங்க வந்தவர் சொன்னது. வேலையாட்களைக் கூப்பிட்டு, "எடுத்துக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். கதவை அறைந்து சாத்தினான்.

முப்பத்தெட்டில் பன்னிரண்டு அறுபட்டுப் போயிருந்தன. மீதி இருபத்தாறையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு சித்தூர் வந்து சேர்ந்தோம். வழியில் அவள் ஒரே ஒரு வாக்கியம் பேசினாள். "தேய்ச்சுட்டாங்க. மழயில வழுக்கும். கொத்தணும்."

மறுநாளிலிருந்து சந்தில் தண்ணீரை இறைத்தார்கள். உளி வைத்து ஒவ்வொரு கல்லின் முகத்தையும் கொத்திச் சொரசொரப்பாக்கினார்கள். வெட்டிய பள்ளத்துக்கு மணல் கொட்டிக் கற்களைக் குறுக்கே இடம் விட்டுப் பதித்தார்கள். நான் சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். அவள் பெண் கையில் மாவுக்கட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே எழுந்து போய்விட்டாள். யாரும் நன்றி சொல்லவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் என்றால் அதற்கும் கோபப்பட்டிருப்பேன்.

கடைசி வீட்டுக்கு முன்னால் ஒரு கல் குறைந்தது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்த இடைவெளியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உங்க ஊட்டுப் பின்கட்டுல படிக்கல்லு ஒண்ணு இருக்குது இல்ல? அன்னிக்கிப் பாத்தேன். சரியா இதே அளவு."

"அது படிம்மா. அதுல கால வெச்சுத்தானே எறங்கறோம்."

"தெரியும்" என்றாள்.

நான் பெயர்த்துக்கொண்டு போகச் சொன்னேன். அன்று மாலையே இரண்டு பேர் வந்து எடுத்துப் போனார்கள். அந்த இடத்தில் செங்கல் வைத்துப் பூச வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன், இன்னும் செய்யவில்லை. தினமும் காலையில் துணி காயப் போடப் பின்பக்கம் இறங்கும்போது ஒன்றரை அடி பள்ளத்தில் முட்டிவலியோடு காலை வைக்கிறேன். ஒவ்வொரு முறையும் வாய்விட்டுத் திட்டுகிறேன். தம்பியை, சாலை போட்டவனை, அவளை, சில நாள் என்னையும்.