முப்பதடித் தண்டவாளம்

ஓசூருக்கு வந்துகொண்டிருந்த சின்ன ரயிலைச் சண்டைக் காலத்தில் நிறுத்தினார்கள். தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஸ்டேஷன் கட்டடம் மட்டும் சும்மா நின்றது. நானும் ஏறக்குறைய அப்படித்தான் நின்றேன்.

அந்த லைனில் நான் டிராலி தள்ளியவன். லைனைப் பார்வையிடப் போகும் இன்ஸ்பெக்டரை நாலு சக்கரம் வைத்த பெஞ்சில் உட்காரவைத்து, வெறுங்காலோடு தண்டவாளத்தின் மேலேயே ஓடித் தள்ள வேண்டும். சித்திரை வெயிலில் இரும்பு எப்படிக் கொதிக்கும் என்று என் உள்ளங்காலைக் கேட்டால் சொல்லும். அவர் குடையை விரித்துக்கொண்டு நேரே பார்த்தபடி வருவார். அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட எங்களைத் திரும்பிப் பார்த்ததில்லை. கல்நெஞ்சக்காரன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே ஓடுவேன்.

சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து அந்தக் கட்டடத்துக்கு வெள்ளையடித்தார்கள். பெங்களூர் ரோட்டில் போகிற வெளியூர்க்காரர்கள் இறங்கி விவரம் கேட்டுக்கொள்ளும் இடமாக்கினார்கள். வேடிக்கைக்காகப் பிளாட்பாரத்தில் பழைய வண்டிகளை நிறுத்தினார்கள். பெரிய வீட்டுக் குதிரை வண்டி ஒன்று, சண்டைக் காலத்தில் கரி போட்டு ஓட்டிய பஸ் ஒன்று, அப்புறம் எங்கள் டிராலி. எங்கிருந்தோ முப்பதடித் தண்டவாளத்தையும் தேடிக் கொண்டுவந்து பதித்தார்கள்.

பொறுப்பில் இருந்த அதிகாரி இளவயசுக்காரர், சுறுசுறுப்பு அதிகம். "மூணுல ஒண்ணாவது ஓடணும்பா. அப்பத்தான் ஜனம் வரும்" என்றார். கிடைத்த கூலி வேலைக்கெல்லாம் போய்க்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டுத் தற்காலிகமாக வைத்துக்கொண்டார்.

ஜனம் வந்தது. முதலில் கரி பஸ்ஸில்தான் ஏறும். மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருக்கும்.

"தேன்கனிக்கோட்டைக்கு எப்ப எடுப்பீங்க?" என்று ஒரு அம்மாள் கேட்டாள்.

"இது போவாதும்மா. பாக்கறதுக்கு வெச்சது."

"போவாத பஸ்ஸ எதுக்கு ஸ்டேசன்ல வெச்சிருக்கீங்க?"

அவள் மூட்டையை எடுத்துக் கீழே வைத்தேன். தினமும் பத்துப் பேரையாவது இப்படி இறக்கிவிட வேண்டியிருந்தது. இறக்கிவிட்டால் நேரே டிராலிக்கு வருவார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, மறுபடி இந்தக் கோடிக்கு. நாற்பது மைல் ஓடியபோது கூட இவ்வளவு களைத்ததில்லை. எங்கேயும் போய்ச் சேராத ஓட்டம் உடம்பைத் தின்றுவிடுகிறது.

வலது முழங்கால் வீங்க ஆரம்பித்தது. வீட்டில் என் மனைவி நொச்சி இலையை வதக்கிக் கட்டுவாள். காலையில் அதை அவிழ்த்துப் போட்டுவிட்டு, ஒன்றும் இல்லாதவன் போலப் போவேன். "தேர் அன்னிக்கு மேலதிகாரி வர்றார். உன்னைக் காட்டித்தான் நிரந்தரத்துக்கு எழுதப்போறேன்" என்று அதிகாரி சொல்லியிருந்தார். முழங்கால் விஷயம் தெரிந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார் என்று பயந்தேன்.

தேர் பார்த்துவிட்டு வந்த கூட்டம் முழுக்க அன்று ஸ்டேஷனில்தான். ஒரு பெரியவர் முப்பதடி போய் இறங்கி, "இஷ்டேனா?" என்று கன்னடத்தில் கேட்டார். இவ்வளவுதான் என்று கையை விரித்தேன். பிற்பகலில் மேலதிகாரி வந்து பிளாட்பாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சானமாவுப் பக்கத்துக் கூலிக்காரப் பெண்கள் நாலு பேர் டிராலியில் ஏறினார்கள். தள்ளினேன். பாதியில் முழங்கால் மடிந்தது. எல்லார் கண்ணெதிரிலும் தண்டவாளக் கட்டைமேல் விழுந்தேன்.

ஒருத்தி குதித்து இறங்கி என் கையைப் பிடித்துத் தூக்கினாள். "எந்திரிண்ணா. நீ ஏறி ஒக்காரு, நாங்க தள்றோம்."

"வேணாம்மா. வேல போயிரும்."

"எங்க கை சும்மாத்தான இருக்குது. ஒக்காருண்ணா."

நாலு பேருமாக என்னைத் தூக்கிப் பெஞ்சில் வைத்துத் தள்ளினார்கள். ஒரே சிரிப்பு. மேலதிகாரியும் விழுந்து விழுந்து சிரித்தார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் அதிகாரி ஒரு காக்கிக் கோட்டு, தொப்பி, குடை மூன்றையும் என் கையில் கொடுத்தார். "ஜனங்களுக்குத் தள்றதுதான்பா பிடிச்சிருக்கு. இனிமே நீ இன்ஸ்பெக்டரா ஒக்காந்துக்க." அடுத்த மாதமே நிரந்தர உத்தரவு வந்தது. என் மனைவி முழங்காலைத் தடவிக்கொண்டே அழுதாள்.

அன்றிலிருந்து நான் முன்னால் உட்கார்ந்தேன். வயற்காட்டு வேலை முடித்து வந்தவர்கள், கல்லுடைத்துவிட்டு வந்தவர்கள் எல்லாம் வெறுங்காலோடு என்னைத் தள்ளினார்கள். அவர்கள் மூச்சு வாங்குவது பிடரிக்குப் பின்னால் கேட்கும். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்துப் போதும் என்று சொல்லலாம்தான். வெட்கமாக இருந்தது. குடையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.